சிங்கப்பூர் வழியாக ஜோகூர் பாரு: கூட்டம் குறைந்த மாதங்களில் போய்வருவது எப்படி?

வரைபடத்தில் பார்த்தால் சிங்கப்பூருக்கும் மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கும் நடுவில் இருப்பது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான கடற்பாலம்தான். "மதியம் போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்பிவிடலாம்" என்று கிளம்புகிறவர்கள் அதிகம். கைக்குழந்தையும் பைகளுமாக ஒரு வெள்ளிக்கிழமை மாலை சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் நின்று பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். அந்த வரிசை உங்களுக்கு வேண்டாம்.

இது இந்தியப் பாஸ்போர்ட்டில், சுற்றுலாவுக்குப் போகிறவர்களுக்கான குறிப்பு. சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்குச் சில விதிகள் மாறும். மனதில் வைக்க வேண்டியது இதுதான்: பாலத்தைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அது தனியொரு வெளிநாட்டுப் பயணம். விசா, படிவம், நேரம் எல்லாவற்றையும் அப்படியே கணக்குப் போடுங்கள்.

1. முதலில் மாதம்

பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் குளிர்காலம், கோடைக்காலம் என்று எதுவும் கிடையாது. வருடம் முழுக்க வெயில், வருடம் முழுக்க மழை. அதனால் வானிலையைப் பார்த்து மட்டும் மாதம் குறிக்காதீர்கள். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் நடுவில் ஒரு வாரம், மே இறுதியிலிருந்து ஜூன் முழுக்க, செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும்வரை சிங்கப்பூரே பாலத்தின் மேல்தான் நிற்கும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளியை ஒட்டிய நீண்ட வார இறுதிகளும் அப்படியே.

இவற்றைக் கழித்து மிஞ்சுவதில் நான் சொல்வது இரண்டு இடைவெளிகளை. ஒன்று, ஏப்ரல் தொடக்கம் முதல் மே நடு வரை. இன்னொன்று, செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் முடியும்வரை.

ஏப்ரல், மே மாதங்களில் ஒரு சங்கடம் உண்டு. நம் ஊர்ப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான் தொடங்குகிறது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிங்கப்பூர் போகும் விமானக் கட்டணம் ஏறிவிடும். பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லையென்றால் ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களிலேயே போய்விடுங்கள். பிள்ளைகள் இருந்தால் காலாண்டு விடுமுறையைப் பாருங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது இடைவெளிதான் நல்லது. ஆனால் வறட்சியான ஆண்டுகளில் சுமத்ராவின் காட்டுத்தீப் புகை செப்டம்பர், அக்டோபரில் இந்தப் பக்கம் வந்து சேரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதங்களில் மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். சில நாள் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து பலத்த காற்றோடு வரும். காலை பத்திலிருந்து இரண்டு மணிக்குள் வெளியே சுற்றுவதை முடித்துக்கொண்டு, பிற்பகலைக் கூரைக்கடியில் கழிப்பது மாதிரி திட்டம் போடுங்கள். நவம்பரிலிருந்து தொடங்கும் வடகிழக்குப் பருவமழை வேறு கதை. அது நாள் முழுக்கப் பெய்யும்.

2. எந்த வாசல் வழியாகப் போவது?

விமான டிக்கெட் எடுக்கும் முன் இதை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் செலவு இங்கேதான் பிரிகிறது.

சிங்கப்பூரில் இறங்கினால் சிங்கப்பூர் விசா வேண்டும், பாலத்தையும் தாண்ட வேண்டும். கோலாலம்பூரில் இறங்கினால் சிங்கப்பூர் விசாவே வேண்டாம். அங்கே டிபிஎஸ் பேருந்து முனையத்திலிருந்து ஜோகூர் பாருவின் லார்க்கின் முனையத்துக்கு நாள் முழுக்கப் பேருந்துகள் இருக்கின்றன, நாலு ஐந்து மணி நேரப் பயணம். கோலாலம்பூரிலிருந்து உள்நாட்டு விமானத்தில் வந்தால் செனாய் விமான நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து ஊர் முப்பது கிலோமீட்டர் போல.

ஜோகூர் பாரு மட்டும்தான், அல்லது அதோடு மலாக்கா, கோலாலம்பூர் என்றால் இரண்டாவது வழியே லாபம். சிங்கப்பூரையும் பார்க்க வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

3. விசா: ஒரே ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள்

மலேசியாவுக்கு இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். 2023 டிசம்பரில் வந்த இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிந்தைய தேதியில் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூருக்கு விசா கட்டாயம். அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி (டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), விசா மறுக்கப்பட்டாலும் திரும்பாது. ஏஜென்டின் சேவைக் கட்டணம் தனி. அது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்பதை விட, "அரசுக் கட்டணம் போக உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டால் கணக்கு தெளிவாகும்.

வேண்டிய ஆவணங்கள் இவை: நுழையும் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், கையெழுத்திட்ட 14ஏ படிவம், வெள்ளைப் பின்னணியில் அண்மையில் எடுத்த புகைப்படம், போக வர டிக்கெட், தங்குமிட முன்பதிவு. வங்கிக் கணக்கு அறிக்கை, வேலைக் கடிதம் போன்றவற்றையும் ஏஜென்ட் கேட்கலாம். பயணத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னதாகக் கொடுத்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசி வாரம் வரை இழுக்கவும் கூடாது. மூன்று வாரம் இருக்கும்போது கொடுப்பது சரியான கணக்கு. சாதாரணமாகச் சில வேலை நாட்களில் வந்துவிடும், வராவிட்டாலும் மூச்சுவிட நேரம் இருக்கும்.

விசா கைக்கு வந்ததும் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா என்று பாருங்கள். இந்தியர்களுக்குப் பெரும்பாலும் பலமுறை நுழைவுதான் கிடைக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. ஒருமுறை நுழைவு என்றால், ஜோகூர் பாருவுக்குப் போன நிமிடமே அந்த விசா முடிந்தது. திரும்பி வர முடியாது, உங்கள் விமானமோ சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில். குடும்பமாகப் போனால் ஒவ்வொருவருடைய விசாவையும் தனித்தனியாகப் பாருங்கள். அப்பாவுக்குப் பலமுறையும் பாட்டிக்கு ஒருமுறையுமாக வந்தால் திட்டம் முழுவதும் மாறும். அப்படி வந்தால் சிங்கப்பூரை முதலில் முடித்துவிட்டு, ஜோகூர் பாரு போய், ஊருக்கு மலேசியாவிலிருந்தே விமானம் ஏறுங்கள்.

4. இரண்டு வருகை அட்டைகள், இரண்டும் இலவசம்

சிங்கப்பூருக்கு எஸ்ஜி வருகை அட்டை (SG Arrival Card), மலேசியாவுக்கு எம்டேக் (MDAC) என்கிற டிஜிட்டல் வருகை அட்டை. இரண்டையும் அந்தந்த நாட்டின் குடிநுழைவு (இமிக்ரேஷன்) துறை இணையதளத்தில், நுழையும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். ஒரு காசு கிடையாது. கூகுளில் தேடினால் மேலே வருகிற சில தளங்கள் அச்சு அசலாக அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கடைசிப் பக்கத்தில் கார்டு எண் கேட்கும். காசு கேட்டால் அது தவறான தளம். அவ்வளவுதான் சோதனை.

பலர் மறப்பது, சிங்கப்பூருக்குத் திரும்பும்போது அந்த அட்டையை மறுபடியும் நிரப்ப வேண்டும் என்பதை. காலையில் போய் மாலையில் திரும்பினாலும் புதிதாக ஒன்று வேண்டும். சாவடியில் கூட்டத்தின் நடுவில், ஒரு கையில் பையும் மறு கையில் போனுமாகத் தட்டச்சு செய்கிற நாலு பேரை எப்போதும் பார்க்கலாம். முந்தின இரவே ஹோட்டல் வைஃபையில் முடித்துவிடுங்கள்.

மின்னஞ்சல் முகவரியைப் பிழையில்லாமல் கொடுங்கள். சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில்தான் வரும். மலேசியப் பக்கம் நுழைவு முத்திரை விழுந்ததா என்று கவுன்டரை விட்டு நகரும் முன்பே பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெளியேறும்போது எப்படி உள்ளே வந்தீர்கள் என்று விளக்க வேண்டியிருக்கும்.

5. கிழமையும் மணியும்

பாலத்தைத் தினமும் மூன்று லட்சம் பேருக்கு மேல் தாண்டுகிறார்கள். அதில் பெரும்பங்கு ஜோகூரில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் போகும் திசைக்கு எதிர்த்திசையில் நீங்கள் போக வேண்டும்.

வார நாளில் விடியற்காலை நாலரையிலிருந்து எட்டரை வரை ஜோகூரிலிருந்து சிங்கப்பூர் திசை நெரிசல். மாலை ஐந்துக்கு மேல் சிங்கப்பூரிலிருந்து ஜோகூர் திசை நெரிசல். ஆக, செவ்வாய், புதன், வியாழனில் காலை பத்து மணிவாக்கில் சிங்கப்பூரை விட்டுக் கிளம்புங்கள். திரும்புவதையும் வார நாள் நண்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலையும் சனி காலையும் போகிற திசையில் வேண்டவே வேண்டாம், ஞாயிறு மாலை வருகிற திசையில் வேண்டாம்.

பழைய குறிப்புகளில் ஜோகூரின் வார விடுமுறை வெள்ளி, சனி என்று இருக்கும். 2025 ஜனவரி முதல் அது சனி, ஞாயிறு ஆகிவிட்டது. இப்போது இரண்டு பக்கத்துக்கும் ஒரே வார விடுமுறை.

6. பாலத்தைத் தாண்டுவது

ரயிலா, பேருந்தா? கிடைத்தால் ரயில்.

உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச் சாவடியிலிருந்து ஜோகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு ஓடும் ஷட்டில் தெப்ராவ் ரயில் ஐந்தே நிமிடத்தில் சேர்த்துவிடும். சிங்கப்பூரிலிருந்து போகும்போது இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடுகிறது. கட்டணம் அந்தப் பக்கம் போக 5 வெள்ளி. திரும்பி வர 5 ரிங்கிட் (மலேசியப் பணம்), அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சிக்கல் என்னவென்றால் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். பயணத் தேதி உறுதியானதும் மலேசிய ரயில்வேயின் கேடிஎம் செயலியில் பாஸ்போர்ட் விவரம் கொடுத்து எடுத்து வையுங்கள். புறப்படும் நேரத்துக்கு அரை மணி முன்பாவது அங்கே இருங்கள், கதவை அடைத்துவிட்டால் திறக்க மாட்டார்கள். இந்தச் சாவடி உட்லண்ட்ஸ் எம்ஆர்டி (சிங்கப்பூர் மெட்ரோ) நிலையத்தில் இல்லை. பெயரைப் பார்த்து அங்கே இறங்கினால் மறுபடி பேருந்து ஏற வேண்டும். பக்கத்தில் இருப்பது மார்சிலிங் நிலையம், அங்கிருந்தும் நல்ல நடை இருக்கிறது.

ஆர்டிஎஸ் என்ற புதிய ரயில் இணைப்பு 2026 முடிவையொட்டித் தொடங்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். அது ஓடத் தொடங்கியபின் ஷட்டில் தெப்ராவை நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் போகும் சமயம் எது ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் கிடைக்காவிட்டால் பேருந்து. குவீன் ஸ்திரீட் முனையத்திலிருந்து 170, கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து 170எக்ஸ், உட்லண்ட்ஸிலிருந்து 950. இவை சாதாரண சிங்கப்பூர்ப் பேருந்துகள், கட்டணத்துக்கு அட்டையைத் தட்டி ஏறலாம். மஞ்சள் நிற காஸ்வே லிங்க் பேருந்துகளும் உண்டு. கிராஞ்சியிலிருந்து சிடபிள்யூ1, குவீன் ஸ்திரீட்டிலிருந்து சிடபிள்யூ2. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்கா பக்கம் தங்கியிருப்பவர்களுக்குக் குவீன் ஸ்திரீட் கிட்டே. ஆனால் எம்ஆர்டியில் கிராஞ்சி வரை போய் அங்கே ஏறினால் சாலை நெரிசல் மிச்சம்.

பேருந்தில் நடப்பது இதுதான். உட்லண்ட்ஸ் சாவடி வந்ததும் எல்லோரும் எல்லாப் பைகளோடும் இறங்க வேண்டும். அட்டையில் போகிறவர்கள் இறங்கும்போதும் தட்ட வேண்டும், காகித டிக்கெட் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போடக் கூடாது. கதவு திறந்ததும் தினமும் போகிறவர்கள் ஓடுவார்கள். வயதான அக்காமார்கூட ஒரு கையில் மார்க்கெட் பையும் மறு கையில் விரித்த பாஸ்போர்ட்டுமாக எஸ்கலேட்டரில் இரண்டிரண்டு படியாகத் தாவுவார்கள். நீங்களும் ஓட வேண்டியதில்லை. ஆனால் பேருந்து உங்களுக்காகக் காத்திருக்காது. குடிநுழைவை முடித்துக் கீழே வந்ததும் அதே எண்ணுள்ள அடுத்த பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். அதற்குத்தான் அந்த டிக்கெட். பெரிய சூட்கேஸ் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஆகாது. சிங்கப்பூர் ஹோட்டலிலேயே விட்டுவிட்டு முதுகுப் பையோடு போங்கள்.

பாலம் தாண்டியதும் மலேசியச் சாவடி, மறுபடி இறங்கல், மறுபடி வரிசை. அது முடிந்தபின் நகர மையத்தில் தங்குகிறவர்கள் திரும்பவும் பேருந்து ஏற வேண்டாம். மேல்தளத்திலேயே நடைபாலம் இருக்கிறது. ஜேபி சென்ட்ரல் வழியாக சிட்டி ஸ்குவேர் வணிக வளாகத்துக்கு நடந்தே போய்விடலாம். லார்க்கின் போகிறவர்கள் மட்டும் கீழே இறங்கிப் பேருந்தைப் பிடியுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்? நல்ல நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். கெட்ட நேரத்தில் மூன்று மணிக்கும் மேல். வெயிலில்லை, ஆனால் உட்கார இடமும் இல்லை. கிளம்பும் முன் கழிப்பறை போய்விடுங்கள்.

7. பணம், போன்

ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும். சாவடி வாசலில் மாற்றுவதைவிட சிட்டி ஸ்குவேர் பக்கம் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு மாற்றுங்கள். சிறிய உணவுக் கடைகளுக்கும் கோயில் பக்கத்துக் கடைகளுக்கும் ரொக்கம் வேண்டும்.

ஹோட்டலில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. ஆன்லைனில் முழுப் பணமும் கட்டியிருந்தாலும் பல இடங்களில் இதை வரவேற்பு மேசையில்தான் கேட்பார்கள். ஏமாற்று அல்ல, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் போக கிராப் என்கிற வாடகைக் கார் செயலி. செயலியை இந்தியாவிலேயே நிறுவி, எண்ணைச் சரிபார்த்து வையுங்கள், ஓடிபி அங்கே வராமல் அடம்பிடிக்கலாம். ரொக்கமாகவும் கொடுக்கலாம். இன்னொன்று, ஜலசந்தியை ஒட்டிய இடங்களில் போன் எதிர்க்கரை கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். சிங்கப்பூர்க் கரையில் நின்றபடியே மலேசிய ரோமிங் கட்டணம் ஓடும். நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

8. எங்கே தங்குவது?

முதல் தடவை என்றால் ஜேபி சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரத்தில். ஜாலான் உங்கு புவான் தெருவில் லிட்டில் இந்தியா, ராஜமாரியம்மன் கோயில். பக்கத்திலேயே பழைய கடைவீடுகள் நிறைந்த ஜாலான் தான் ஹியோக் நீ. இரண்டும் காலை நடைக்கு. கண்ணாடிக் கோயில் என்று எல்லோரும் சொல்லும் ராஜகாளியம்மன் கோயிலுக்கு கிராப் எடுங்கள். பூஜை நேரமும் சுற்றுலாப் பயணிகளை விடும் நேரமும் வேறு வேறு என்பதால் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். பிற்பகல் மழைக்கு ஏற்ற இடம் அது. லெகோலாந்து ஊருக்குள் இல்லை, இஸ்கந்தர் புத்ரியில் இருக்கிறது. பிள்ளைகளுக்காக அதுதான் முக்கியம் என்றால் அங்கேயே ஓர் இரவு தங்குவது அலைச்சலைக் குறைக்கும். சிங்கப்பூரிலிருந்து அந்தப் பக்கம் போக துவாஸ் வழியாக இரண்டாவது பாலமும் இருக்கிறது.

9. திரும்பும் நாள்

பாலம் தாண்டும் நாளையும் ஊருக்கு விமானம் ஏறும் நாளையும் ஒன்றாக வைக்காதீர்கள். கடைசி இரவு சிங்கப்பூரில் இருக்கட்டும். அறை வாடகை கூடுதல்தான், தவறவிட்ட விமானத்தின் விலையைவிடக் குறைவு.

பையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சூயிங் கம் சிங்கப்பூருக்குள் கொண்டுபோக முடியாது. மின்சிகரெட் கூடவே கூடாது, தண்டனை கடுமை. சிகரெட்டுக்கு வரிவிலக்கு அறவே இல்லை, ஒரு பாக்கெட் என்றாலும் சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும். மதுவுக்கு மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்குச் சலுகை கிடையாது. மற்ற சாமான்களுக்கு, 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்திருந்தால் 100 வெள்ளி மதிப்பு வரையும், அதற்கு மேல் இருந்திருந்தால் 500 வெள்ளி வரையும் ஜிஎஸ்டி இல்லை. ஒரே இரவு தங்கிவிட்டு நிறைய வாங்கி வருகிறவர்கள் ரசீதுகளை மேலாக வைத்துக்கொள்ளுங்கள், சிவப்பு வழியில் தானாகவே போய்ச் சொல்லிவிட்டால் 9 சதவீதத்தோடு முடிந்துவிடும். பச்சை வழியில் போய்ப் பிடிபட்டால் அபராதமும் சேரும்.